சின்ன விஷயம்தானே என்று வெட்டி விடாதீர்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர் வீட்டுக்குப் போனால், நான் முதலில் பார்ப்பது மானிட்டரையோ சி.பி.யு.வையோ அல்ல. சுவரில் செருகியிருக்கும் பிளக்கைத்தான். இந்தப் பழக்கம் எனக்கு எப்படி வந்தது என்று சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

என் சொந்த ஊர் இடைசெவல். கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலி செல்லும் நெடுஞ்சாலையில் இருக்கிறது. கி. ராஜநாராயணன், கு. அழகிரிசாமி என்ற இரண்டு பெரிய எழுத்தாளர்களின் ஊர் என்று சொன்னால் பலருக்கும் உடனே தெரிந்துவிடும். சென்னையில் சாப்ட்வேர் இன்ஜினியராக வேலை பார்க்கும் நான், சென்ற ஆண்டு மே மாதம் விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தேன். பிளஸ் ஒன்னில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கப் போகும் மகளுக்காகச் சித்தப்பா ஒரு டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் வாங்கி வைத்திருந்தார். எல்லாம் நன்றாக இருந்தது. ஆனால் தங்கை மட்டும் செருப்பைப் போட்டுக்கொண்டுதான் அதன் முன் உட்கார்ந்தாள்.

"ஏம்மா?" என்றேன்.

"வெறுங்காலோட டப்பாவத் தொட்டா சுருக்சுருக்குன்னு இழுக்குண்ணே" என்றாள்.

பிளக்கை உருவிப் பார்த்தேன். மூன்று முள் பிளக்கில் மேலே இருக்கும் தடித்த முள்ளைக் காணோம். அந்தச் சுவரில் இருந்தது பழைய இரண்டு துளை சாக்கெட். பிளக் உள்ளே போகவில்லை என்று சித்தப்பா அந்த முள்ளை ஆக்சா பிளேடால் அறுத்து எடுத்துவிட்டார். கேட்டால் அவரிடம் நியாயமான பதிலும் இருந்தது.

"அந்த முள்ளுக்குக் கரண்டே வரலப்பா. பக்கத்து வீட்டு மூணு துளை சாக்கெட்டுல டெஸ்டர் வச்சுப் பாத்தேன். மேல் துளையில எரியவே இல்ல. அது பாட்டுக்குச் சும்மா கிடக்குது. அது எதுக்கு?"

எங்கள் தாத்தா உயிரோடு இருந்திருந்தால் இதற்கு ஒரே வரியில் பதில் சொல்லியிருப்பார்: "கடையாணியும் சும்மாதாம்ல கிடக்கு."

சும்மா கிடப்பது போலத் தெரியும் சின்னப் பொருள்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. கம்ப்யூட்டருக்கு வருவதற்கு முன்னால் தாத்தாவின் மாட்டு வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிடலாம். ஏனென்றால் எனக்கு இந்தப் பாடத்தை முதலில் சொல்லிக் கொடுத்தது எந்த இன்ஜினியரிங் புத்தகமும் அல்ல, அந்த வண்டிதான்.

எங்கள் வீட்டுக் கூண்டு வண்டி

எங்கள் ஊர் கரிசல் காடு. பருத்தி, கம்பு, சோளம், உளுந்து விளையும் மானாவாரி நிலம். மழை பெய்தால் மண் சக்கரத்தோடு அப்பிக்கொள்ளும். வெயில் அடித்தால் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். இந்த மண்ணில் ஓடுவதற்காகச் செய்யப்பட்டது அந்த வண்டி. வார நாட்களில் குப்பை உரமும் பருத்திப் பொதியும் ஏற்றும். ஆடி மாதக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குக் கிளம்பினால், அதே வண்டி எங்களுக்கு வீடாகிவிடும். ராத்திரி முழுக்கப் பயணம். குழந்தைகள் கூண்டுக்குள் தூங்குவோம். கோயில் அருகே மாட்டை அவிழ்த்துவிட்டு, பெரியவர்கள் வண்டிக்கு அடியில் படுத்துக்கொள்வார்கள். எனக்கு அப்போது 5 அல்லது 6 வயது இருக்கும்.

வண்டியின் விளிம்புச் சட்டத்தில் இரண்டு பக்கமும் வரிசையாகத் துளைகள் இருக்கும். அவற்றுள் பல காலியாகவே கிடக்கும். தச்சர் ஏன் வேலை மெனக்கெட்டு இத்தனை துளை போட்டார் என்று தோன்றும். வைக்கோல் ஏற்றும் நாளில் அவற்றில் உயரமான கம்புகளை ஊன்றுவார்கள். கோயிலுக்குப் போகும் நாளில் மூங்கில் பிளாச்சுகளை வளைத்துச் செய்த கூண்டின் கால்களை அவற்றில் இறக்குவார்கள். கம்ப்யூட்டரின் மதர்போர்டில் காலியாக இருக்கும் ரேம் ஸ்லாட்டைப் பார்த்து "இதை ஏன் கொடுத்தார்கள்?" என்று கேட்பவர்களுக்கு இந்தத் துளைகள்தான் பதில். இன்று தேவையில்லை, நாளை தேவைப்படும்.

கூண்டின் பாய், முன்பக்கம் வண்டி ஓட்டுகிறவரின் தலைக்கு மேல் ஒரு முழம் நீட்டிக்கொண்டிருக்கும். அது அழகுக்கு என்று நினைத்தேன். ஒருமுறை அதை மடக்கிக் கட்டிவிட்டு மேற்கே போனோம். மாலை வெயில் நேராகத் தாத்தாவின் கண்ணில் விழுந்தது. அன்றைக்குத்தான் அது எதற்கு என்று புரிந்தது.

கூண்டுக்குள் ஜமுக்காளத்துக்குக் கீழே வைக்கோல் பரப்பியிருப்பார்கள். போகும்போது அது நமக்கு மெத்தை. போய்ச் சேர்ந்ததும் அதுவே மாட்டுக்குத் தீவனம். தனியாகத் தீவன மூட்டை தூக்க வேண்டியதில்லை. எடையும் இல்லை, இடமும் அடையாது.

ஏர்க்காலின் முன்பக்கத்தில் ஒரு குட்டைக் கம்பு கயிற்றில் தொங்கும். வண்டி ஓடும்போது அது ஆடிக்கொண்டே வரும். பார்த்தால் அவிழ்ந்து தொங்குகிற ஏதோ ஒன்று என்றுதான் தோன்றும். மாட்டை அவிழ்த்ததும் அந்தக் கம்பை நிமிர்த்தி ஏர்க்காலுக்கு முட்டுக் கொடுப்பார்கள். அது இல்லாவிட்டால் வண்டி முன்பக்கம் குப்புறச் சாயும். உள்ளே தூங்கும் பிள்ளைகள் எல்லாம் சரிந்து ஒரே மூலையில் கிடப்பார்கள்.

அரிக்கேன் விளக்கை வண்டிக்கு அடியில், அச்சுக்குப் பக்கத்தில் மாட்டுவார்கள். வெளிச்சம் உயரத்தில் இருந்தால்தானே நல்லது என்று நான் கேட்டிருக்கிறேன். "மேல மாட்டுனா எங் கண்ணுல்லா கூசும்? தடம் எங்கலே தெரியும்?" என்றார் தாத்தா. அடியில் மாட்டினால் வெளிச்சம் தரையில் விழும். பின்னால் வருகிறவருக்கும் முன்னால் ஒரு வண்டி போவது தெரியும். காற்றும் அவ்வளவாக அடிக்காது.

மாட்டின் கழுத்தைச் சுற்றி நுகத்தடியோடு கட்டும் பூட்டாங்கயிறும் அப்படித்தான். வண்டியை இழுப்பது நுகத்தடி. கயிறு எதையும் இழுப்பதில்லை. ஆனால் பின்பாரம் அதிகமாகி வண்டி பின்னால் சாய்ந்தால் நுகத்தடி மேலே தூக்கிக்கொள்ளும். அப்போது அது மாட்டின் கழுத்தை விட்டுப் போய்விடாமல் பிடித்து நிறுத்துவது அந்தக் கயிறுதான்.

இனி, சக்கரம். வண்டிச் சக்கரம் கருவேல மரத்தால் ஆனது. அதன் மேல் இரும்புப் பட்டா. பட்டாவைச் சக்கரத்தைவிடக் கொஞ்சம் சின்னதாகச் செய்து, நெருப்பில் பழுக்கக் காய்ச்சி, அது விரிந்திருக்கும்போது சக்கரத்தில் மாட்டித் தண்ணீர் ஊற்றுவார்கள். இரும்பு சுருங்கி மரத்தை இறுகக் கவ்விக்கொள்ளும். ஆணியே தேவையில்லை. ஆனால் கோடையில் மரம் காய்ந்து சுருங்கினால் பட்டா ஆட ஆரம்பிக்கும். அப்போது சக்கரத்தைக் கழற்றிக் கண்மாய்த் தண்ணீரில் ஊறப் போடுவார்கள். மரம் உப்பும், பிடி மறுபடியும் இறுகும். வெயில் காலத்தில் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்ற இந்த விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் பக்கம் வரும்போது இது மறுபடியும் வரும்.

கடைசியாகக் கடையாணி. அச்சின் முனையில் ஒரு துளை. அதில் மேலிருந்து செருகிய ஒரு இரும்பு முளை. ஒரு சாண் நீளம்கூட இருக்காது. தலைப் பக்கம் பெரியதாக இருப்பதால் துளை வழியாக நழுவி விழாது. குண்டும் குழியுமான தடத்தில் குதித்து மேலே வந்துவிடாமல் இருக்க, கீழ் முனையில் தாத்தா ஒரு கிழிந்த துணியைத் திரித்துக் கட்டியிருப்பார். இந்த ஆணி பாரம் தாங்குவதில்லை. வண்டியை இழுப்பதில்லை. சக்கரத்தைச் சுற்றுவதும் இல்லை. நூறு மைல் ஓடினாலும் அது செய்த வேலை என்று எதையும் காட்ட முடியாது. ஆனால் பள்ளத்தில் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து, சக்கரம் அச்சை விட்டு வெளியே நகரப் பார்க்கும் அந்த ஒரு நொடியில் அது அங்கே இருக்க வேண்டும். திருவள்ளுவர் 667-ஆம் குறளில், உருவம் சிறிதென்று யாரையும் இகழக் கூடாது என்பதற்குத் தேரின் அச்சாணியைத்தான் உதாரணம் காட்டுகிறார்.

ஜெர்மனியிலும் ஒரு கூண்டு வண்டி

நம் ஊர்க் கூண்டு வண்டி போலவே, ஓட்டிக்கொண்டு போய் அதிலேயே படுத்து உறங்கும் வண்டி மேல்நாட்டிலும் உண்டு. அதைக் கேம்ப்பர் வேன் என்கிறார்கள். அவற்றில் உலகப் புகழ் பெற்றது ஃபோக்ஸ்வாகன் கம்பெனியின் டைப் 2 என்ற வேன். வட்ட வட்டமான இரண்டு விளக்கு, நடுவில் பிரிந்த முன்கண்ணாடி, இரண்டு வண்ணப் பெயின்ட் என்று படங்களில் நீங்கள் நிச்சயம் பார்த்திருப்பீர்கள்.

நெதர்லாந்தில் ஃபோக்ஸ்வாகன் கார்களை இறக்குமதி செய்து விற்ற பென் பான் என்பவர், 1947-ல் தன் நோட்டில் போட்ட ஒரு எளிய படத்திலிருந்துதான் இந்த வேன் பிறந்தது. உற்பத்தி 1950 மார்ச்சில் தொடங்கியது. 1951-ல் வெஸ்ட்ஃபாலியா என்ற ஜெர்மன் கம்பெனி, இந்த வேனுக்குள் வைக்கக் 'கேம்ப்பிங் பாக்ஸ்' என்ற மரச்சாமான் தொகுப்பைக் கொண்டு வந்தது. வார நாட்களில் அதை வெளியே எடுத்து வைத்துவிட்டு வேனில் சரக்கு ஏற்றலாம். விடுமுறை வந்தால் அதை உள்ளே வைத்துக் குடும்பத்தோடு கிளம்பலாம். எங்கள் வண்டிக் கூண்டும் இதே கதைதானே?

இந்த வேனின் சின்னச் சின்ன அம்சங்களைப் பாருங்கள். முன்கண்ணாடி இரண்டாகப் பிரிந்து, நடுவில் மூக்கு போல லேசாக முன்னால் வந்திருக்கும். அது அழகுக்குச் செய்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். தொடக்கத்தில் செய்த மாதிரி, முகம் தட்டையாக இருந்ததால் காற்றை எதிர்த்து ஓடத் திணறியது. பிரவுன்ஷ்வைக் நகரத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் காற்றுச் சுரங்கத்தில் சோதித்து, முன்பக்கத்தை இப்படி 'வி' வடிவில் மாற்றினார்கள். காற்றெதிர்ப்பைக் காட்டும் எண் 0.75-லிருந்து 0.44 ஆகக் குறைந்தது. அதே கம்பெனியின் பீட்டில் காருக்கே அந்த எண் 0.48தான்.

சில வேன்களில் அந்த முன்கண்ணாடியின் கீழ்ப்பகுதியை வெளிப்பக்கமாகத் தள்ளித் திறக்க முடியும். ஏ.சி. இல்லாத காலம்; வெப்ப நாடுகளில் ஓட்டும்போது முகத்தில் நேராகக் காற்று வரும். பக்கவாட்டில் சரிவான கண்ணாடிப் பட்டைகளால் ஆன ஜன்னல் இருக்கும். மழை பெய்தாலும் அதைக் கொஞ்சம் திறந்து வைக்கலாம். தண்ணீர் வெளியே வழியும், காற்று உள்ளே வரும். பூட்டிய வேனுக்குள் நான்கு பேர் மூச்சு விட்டுத் தூங்க வேண்டுமே! தூக்கி நிறுத்தும் கூரை, உள்ளே நிமிர்ந்து நிற்பதற்கு.

பின்பக்க ஓரத்தில், மேலே, வரிசையாகக் கீற்றுகள் இருக்கும். இந்த வேனுக்கு இன்ஜின் பின்னால். ரேடியேட்டர் கிடையாது, தண்ணீர் கிடையாது, காற்றுதான் இன்ஜினைக் குளிர்விக்கும். அந்தக் காற்று உள்ளே போகும் வழி அந்தக் கீற்றுகள். விஷயம் தெரியாமல் அதை அட்டை வைத்து அடைத்தால் இன்ஜின் கொதித்துவிடும்.

இப்போது உங்கள் லேப்டாப்பைத் திருப்பிப் பாருங்கள். அடியில் கீற்றுகள் இருக்கும். நான்கு மூலையிலும் சின்ன ரப்பர் கால்கள் இருக்கும். அந்தக் கால்கள் வழுக்காமல் இருக்க மட்டும் அல்ல; மேசைக்கும் லேப்டாப்புக்கும் நடுவே காற்று போக இடம் விடுவதற்கும்தான். ஒரு கால் உதிர்ந்துவிட்டால் "ரப்பர்தானே" என்று விடுகிறோம். அல்லது மெத்தை மேல் வைத்துப் படம் பார்க்கிறோம். கொஞ்ச நேரத்தில் விசிறி இரைகிறது, லேப்டாப் சுடுகிறது, வேகம் குறைகிறது. உடனே "வைரஸ் வந்துவிட்டது" என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம்!

நானே செய்த தவறு

அடுத்தவருக்குப் புத்தி சொல்வதற்கு முன் என் கதையையும் சொல்லிவிட வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டு. கடைகளில் பில் போடும் ஒரு சாப்ட்வேரில் வேலை. பிரிண்டரைத் திறந்ததும், பில்லை அனுப்புவதற்கு முன்னால் இரண்டு விநாடி சும்மா காத்திரு என்று ஒரு வரி இருந்தது. ஏன் என்று எந்தக் குறிப்பும் இல்லை. எழுதியவர் வேலையை விட்டுப் போய் நெடுநாள் ஆகிவிட்டது. என் கம்ப்யூட்டரில் அந்த வரியை எடுத்துவிட்டு ஓட்டினேன். அருமையாக ஓடியது, வேகமாகவும் ஓடியது. பாராட்டு கிடைக்கும் என்று நினைத்தேன்.

மறுவாரம் புகார்கள் வந்தன. பழைய பிரிண்டர் வைத்திருந்த கடைகளில் எல்லாம் பில்லின் முதல் இரண்டு வரி அச்சாகவில்லை. கடையின் பெயரும் ஜி.எஸ்.டி. எண்ணும் இருந்த வரிகள் அவை. அந்தப் பிரிண்டர்கள் விழித்துக்கொள்ள இரண்டு விநாடி தேவைப்பட்டது. யாரோ ஒருவர் அந்தச் சிக்கலில் முன்பே மாட்டி, பல மணி நேரம் தேடி, அந்த வரியைச் சேர்த்திருக்கிறார். நான் ஒரு நிமிடத்தில் அதை வெட்டிவிட்டேன். வரியைத் திரும்பச் சேர்த்தபோது அதன் தலையில் நான்கு வரிக் குறிப்பையும் எழுதினேன். அன்றிலிருந்து எனக்குப் புரியாத வரியை நான் அழிப்பதில்லை. முதலில் அது ஏன் வந்தது என்று தேடுவேன்.

உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும் கடையாணிகள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் கவனிக்க வேண்டிய சிலவற்றை மட்டும் இங்கே தருகிறேன்.

கீ போர்டில் எஃப், ஜே என்ற இரண்டு கீகளில் மட்டும் சின்ன மேடு இருக்கும். இடது கை ஆள்காட்டி விரல் எஃப் மேலும், வலது கை ஆள்காட்டி விரல் ஜே மேலும் இருந்தால், பார்க்காமலே மற்ற விரல்கள் தங்கள் இடத்தில் அமரும். அதற்கான அடையாளம் இது. டைப்பிங் பழகுகிறவர்கள் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

சில கேபிள்களின் முனை அருகே உருளையாக ஒரு வீக்கம் இருக்கும். உள்ளே இருப்பது ஃபெரைட் என்ற காந்தப் பொருள். கேபிள் ஒரு ஆன்டெனா போல வேலை செய்து தேவையற்ற உயர் அதிர்வெண் இரைச்சலை உள்ளேயோ வெளியேயோ கொண்டுபோகாமல் இது தடுக்கிறது. கேபிளைச் சுருட்டி வைக்க இடைஞ்சலாக இருக்கிறது என்று இதை உடைக்க வேண்டாம்.

லேப்டாப் கேமராவின் பக்கத்திலும், செல்போனின் ஓரத்திலும் ஊசி முனை அளவு துளை இருக்கும். பெரும்பாலும் அது மைக். தூசி அடைத்திருக்கிறது என்று குண்டூசியால் குத்தினால் மைக் போய்விடும். செல்போனில் சிம் தட்டை வெளியே எடுக்கும் துளையும் ஏறக்குறைய இதே அளவுதான். எது எது என்று பார்த்துவிட்டு ஊசியை எடுங்கள்.

ரேமின் அடிப்பகுதியில் நடுவை விட்டு விலகி ஒரு வெட்டு இருக்கும். திருப்பி மாட்டிவிடாமல் இருக்கவே அந்த வெட்டு. உள்ளே போகவில்லை என்றால் அழுத்தாதீர்கள், திருப்பிப் பாருங்கள். பொருளைச் செய்தவர் உங்களிடம் "தப்பு, தப்பு" என்று சொல்லும் வழி அது.

மூன்றாவது முள்

இனி, சித்தப்பாவின் பிளக்குக்கு வருவோம். அந்த முள் எர்த் முள். அதில் கரண்ட் வரவில்லை என்று அவர் சொன்னது உண்மைதான். வரக் கூடாது என்பதுதான் அதன் இலக்கணம்.

கம்ப்யூட்டர் சி.பி.யு.வின் உலோகப் பெட்டி, பிளக்கின் மூன்றாவது முள் வழியாக வீட்டின் எர்த்தோடு இணைந்திருக்க வேண்டும். உள்ளே இருக்கும் பவர் சப்ளையில், மின் இரைச்சலை வடிகட்டுவதற்காகச் சின்ன கெப்பாசிட்டர்கள் இரண்டு மின் கம்பியிலிருந்தும் பெட்டிக்கு இணைக்கப்பட்டிருக்கும். அவற்றின் வழியே கசியும் மிகச் சிறிய கரண்ட், எர்த் இருந்தால் சத்தமில்லாமல் மண்ணுக்குப் போய்விடும். முள்ளை வெட்டிவிட்டால் அது போக வழி இல்லை. பெட்டி, 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதி அளவு மின்னழுத்தத்தில் மிதக்கும். வெறுங்காலோடு தொட்டால் சுருக் என்கிறது. தங்கை செருப்புப் போட்ட காரணம் இதுதான்.

கசிவு சிறியது என்பதால் சுருக் என்பதோடு நிற்கிறது. ஆனால் ஏதாவது ஒரு நாள் உள்ளே ஒரு ஒயர் நைந்து மின் கம்பி நேராகப் பெட்டியைத் தொட்டால்? எர்த் இருந்தால் பெரும் கரண்ட் மண்ணுக்குப் பாயும். ஃபியூஸ் போகும் அல்லது சர்க்யூட் பிரேக்கர் விழும். எர்த் இல்லாவிட்டால் எதுவும் விழாது. மானிட்டர் எரியும், விசிறி சுற்றும், கம்ப்யூட்டர் நன்றாக ஓடும். பெட்டியில் முழு 230 வோல்ட்டும் காத்துக்கொண்டிருக்கும், யாராவது தொடும் வரை. நைந்த ஒயர் அந்த வீட்டில் இல்லாதது எங்கள் அதிர்ஷ்டம்.

எர்த் முள்ளை மற்ற இரண்டையும்விட நீளமாகவும் தடிமனாகவும் செய்திருப்பதும் காரணத்தோடுதான். நீளமாக இருப்பதால் பிளக்கைச் செருகும்போது எர்த் முதலில் இணைகிறது. உருவும்போது கடைசியாக விலகுகிறது. கரண்ட் இருக்கும் நேரம் முழுவதும் காவல் இருக்கிறது. தடிமனாக இருப்பதால் தவறான துளையில் போகாது.

இரண்டு முள் மட்டுமே உள்ள சார்ஜர்களும் வருகின்றன, அவை ஆபத்தா என்று சிலர் கேட்கலாம். அந்தச் சார்ஜரின் மேல் ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் போட்ட சின்னக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். இரட்டைக் காப்பு செய்யப்பட்டது, எர்த் தேவையில்லை என்று அதற்குப் பொருள். இரண்டு முள்ளோடு செய்யப்பட்டது அப்படியே இருக்கலாம். மூன்று முள்ளோடு செய்யப்பட்டதை நாம் இரண்டாக்கக் கூடாது.

சுவரில் மூன்று துளை சாக்கெட் இருந்தால் மட்டும் போதாது. பின்னால் எர்த் ஒயர் இணைத்திருக்க வேண்டும். அந்த ஒயர் போய்ச் சேரும் எர்த் குழியும் சரியாக இருக்க வேண்டும். எர்த் குழியில் கரியும் உப்பும் போடுவதும், மேலே தண்ணீர் ஊற்ற ஒரு புனலும் குழாயும் வைப்பதும் ஈரம் நிற்பதற்காகத்தான். ஈர மண் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். காய்ந்த மண் கடத்தாது. கரிசல் மண்ணோ கோடையில் காய்ந்து சுருங்கி, குழாயை விட்டே விலகி நிற்கும். அதனால் எங்கள் ஊர் போன்ற இடங்களில் சித்திரை, வைகாசி மாதங்களில் எர்த் குழிக்கு அவ்வப்போது தண்ணீர் ஊற்றியே ஆக வேண்டும். தாத்தா சக்கரத்தைத் தண்ணீரில் போட்ட அதே வெயில், அதே மண், அதே வைத்தியம்.

பழசு எல்லாம் பொன்னா?

அப்படியானால் எதையுமே மாற்றக் கூடாதா என்று கேட்பீர்கள். அப்படிச் சொல்லவில்லை. காரணம் போய்விட்டால் பொருளும் போகலாம்.

எங்கள் ஊரில் இரும்புப் பட்டாச் சக்கரம் போய் டயர் வண்டி வந்தது. மாட்டுக்குச் சுமை குறைந்தது. நல்ல மாற்றம். ஆனால் டயர் வண்டி எளிதாக உருளும். அதனால் இறக்கத்தில் அதற்குப் பிரேக் கட்டை முன்பைவிட அதிகம் தேவை. பட்டா போனது என்று பிரேக்கையும் சேர்த்துக் கழற்றியிருந்தால் மாட்டின் கதி என்ன ஆகியிருக்கும்?

கம்ப்யூட்டரிலும் உதாரணம் உண்டு. உங்கள் ஹார்ட் டிஸ்க் ஏன் 'சி' என்ற எழுத்தில் தொடங்குகிறது? 'ஏ'யும் 'பி'யும் ஒரு காலத்தில் ஃபிளாப்பி டிரைவ்களுக்கு ஒதுக்கப்பட்டவை. ஃபிளாப்பி போய்விட்டது; எழுத்து மட்டும் நிற்கிறது. அதை மாற்றினால் மண்ணில் யாருக்கும் ஆபத்து இல்லை. பழைய யு.எஸ்.பி. பிளக்கில் எந்தப் பக்கம் மேலே என்று காட்டும் சின்னம் தேவைப்பட்டது. இப்போது வரும் சி வகைப் பிளக்கை எப்படித் திருப்பினாலும் செருகலாம்; பக்கம் பார்க்க வேண்டிய தொல்லையே ஒழிந்தது.

ஃபோக்ஸ்வாகன் வேனின் முடிவும் இப்படித்தான். அதன் உற்பத்தி பிரேசில் நாட்டில் 2013 டிசம்பர் வரை தொடர்ந்தது. 2014 முதல் அங்கே புதிய வாகனங்களுக்கு ஏர்பேக்கும் ஏ.பி.எஸ். பிரேக்கும் கட்டாயம் ஆயின. அந்தப் பழைய வடிவத்தில் அவற்றைப் பொருத்த வழியில்லை, உற்பத்தி நின்றது. ரசிகர்களுக்கு வருத்தம்தான். ஆனால் உயிர் காக்கும் சின்னப் பொருள் ஒன்றுக்கு இடம் கொடுக்க முடியாத வண்டி, எவ்வளவு அழகாக இருந்தாலும் வழிவிட வேண்டியதுதான்.

ஆகவே பழையதா புதியதா என்பது கேள்வியே அல்ல. இது என்ன தொல்லைக்காக வந்தது, அந்தத் தொல்லை இன்னும் இருக்கிறதா? இந்த இரண்டையும் கேட்டுவிட்டு, இல்லை என்று தெரிந்தால் தாராளமாகக் கழற்றுங்கள். தெரியவில்லை என்றால் தெரிந்தவரைக் கேளுங்கள். கேட்க வெட்கப்பட வேண்டாம். மரம் அறுத்த தச்சரும், மதர்போர்டு செய்த இன்ஜினியரும் காரணம் இல்லாமல் ஒரு துளைகூடப் போட மாட்டார்கள். அதிகமாக ஒரு துளை போட்டாலும் வேலையும் செலவும் அவர்களுக்குத்தான்.

எங்கள் வண்டி இப்போது இல்லை. தாத்தா காலமான பிறகு மரம் அடுப்புக்குப் போனது. சக்கரங்களை ஒரு தங்கும் விடுதிக்காரர் சுவரில் சாத்தி வைக்க விலை கொடுத்து வாங்கிப் போனார். கடையாணியை மட்டும் விட்டுவிட்டுப் போய்விட்டார். சுவரில் நிற்கும் சக்கரத்துக்கு அது தேவையில்லை அல்லவா? ஓடும் வண்டிக்குத்தான் தேவை.

அந்த மே மாதம் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, மூன்று துளை சாக்கெட் மாட்டி, புதிய பவர் கேபிள் வாங்கி, எர்த் குழியும் போட்டோம். மனிதர் தொட்டு மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தை நிறுத்தும் 30 மில்லி ஆம்பியர் பிரேக்கர் ஒன்றையும் மாட்டச் சொன்னேன். கம்ப்யூட்டரின் விலையோடு பார்த்தால் இந்தச் செலவு சிறிது. முதல் நாள் தங்கை செருப்பைக் கழற்றிவிட்டுப் பயந்து பயந்து பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள். ஒன்றும் செய்யவில்லை. எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றுவது இப்போது சித்தப்பாவின் வேலை.

நீங்களும் இந்த இதழை மூடி வைத்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். சுவிட்சை அணைத்துவிட்டு உங்கள் கம்ப்யூட்டர் பிளக்கை உருவிப் பாருங்கள். மூன்று முள்ளும் இருக்கின்றனவா? எக்ஸ்டென்ஷன் பாக்சுக்குப் போகும் ஒயரில் உள்ளே மூன்று கம்பி இருக்கிறதா? சாக்கெட்டின் எர்த் வேலை செய்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டு எத்தனை நாளாயிற்று? வால்பேப்பர் மாற்றுவதும் கேம்ஸ் போடுவதும் நாளைக்கு இருக்கட்டும். முதலில் இதைப் பார்த்துவிடுங்கள்.